ஸ்பாரில் துளை விலகிவிட்டது: தூக்கிப் போடவா, சரிசெய்யவா?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். வீட்டு கராஜில் வான்ஸ் ஆர்வி-7 விமானக் கிட் கட்டி வருகிறேன். கிடைமட்ட வாலின் பின் ஸ்பாரையும் (உள்ளே நீளவாக்கில் பாரம் தாங்கும் சட்டம்) வலுவூட்டும் பட்டையையும் சேர்த்து வைத்து எண் 30 டிரில் பிட்டால் துளையிட்டபோது, ஸ்பாரில் ஒரு துளை எட்டு போல ஆகிவிட்டது. பட்டையில் துளை வட்டமாகவே இருக்கிறது. துளை மையத்திலிருந்து ஓரம் 3/8 அங்குலம். காசு வாங்கிக்கொண்டு கிட் கட்ட உதவும் ஒருவர், "எபாக்ஸி வைத்து அடைத்துவிட்டு ரிவெட் அடிக்கலாம், பதிவேட்டில் எழுத வேண்டாம்" என்கிறார். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-வின் ஆய்வில் இதை நிராகரித்துவிடுவார்களா?

பதில்: ஸ்பாரைத் தூக்கிப் போட வேண்டியிருக்காது. எபாக்ஸியைத்தான் தூக்கிப் போட வேண்டும்.

ரிவெட் அடிக்கும்போது அதன் தண்டு பருத்து, துளையின் சுவரை நாலாபுறமும் இறுக்கிப் பிடிக்கிறது. இணைப்பின் பலமே அதுதான். எட்டு வடிவத் துளையில் தண்டு வெற்றிடம் இருக்கும் பக்கம் வழிந்து சாய்ந்துவிடும். அங்கே எபாக்ஸி இருந்தாலும் அந்த அழுத்தத்தில் நொறுங்கும். வெளியே பார்க்க ரிவெட் தலை அழகாகத்தான் இருக்கும். பறக்கத் தொடங்கிய பிறகு அது தளர்ந்து, தலையைச் சுற்றிக் கறுப்பாகப் பொடி கசியும். வெல்டிங் வைத்து அடைக்கலாம் என்று இன்னொருவர் சொல்வார். இந்த வகை அலுமினியத்தில் அந்தச் சூடு பட்டால் சுற்றியுள்ள உலோகத்தின் உறுதியே போய்விடும்.

செய்ய வேண்டியது, துளையை அடுத்த அளவுக்குப் பெரிதாக்கி அடுத்த அளவு ரிவெட் போடுவது. இப்போது உங்களுக்கு வேண்டியது 1/8 அங்குல ரிவெட், அதாவது ஏடி4. அடுத்தது 5/32 அங்குலம், ஏடி5. அதற்கு எண் 21 பிட், துளை 0.159 அங்குலம். எட்டின் நீளவாட்டு அளவு அதற்குள் அடங்கினால் பிழைத்தீர்கள். கேலிப்பர் இல்லாவிட்டாலும் பார்க்கலாம்: எண் 21 பிட்டின் மழுங்கிய பின்முனையைத் துளை மேல் நிறுத்துங்கள். இருபுறமும் துளையின் விளிம்பு எட்டிப் பார்க்காமல் மூடிக்கொண்டால் சரி. எட்டின் இரண்டு வட்டங்களின் மையங்களும் 0.030 அங்குலத்துக்கு மேல் விலகியிருந்தால் மூடாது. உங்களுக்கு மூடினால், பட்டையில் உள்ள வட்டத் துளையும் அந்தப் புதுத் துளைக்குள் அடங்கிவிடும், மயிரிழையில்.

ஓரத்தையும் பார்க்க வேண்டும். மையத்திலிருந்து ஓரம் வரை ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது வேண்டும். 5/32-க்கு அது 5/16 அங்குலம். உங்களிடம் 3/8 இருக்கிறது, கவலையில்லை. பக்கத்து ரிவெட்டின் மையம் வரை மூன்று மடங்கு, அதாவது 15/32 அங்குலம். பட்டையின் ஓரத்தையும் அளங்கள்; ஸ்பாரை மட்டும் அளந்துவிட்டுப் பட்டையை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

இனி துளை. கையில் பிடித்த டிரில்லால் நேரே எண் 21 போட்டால் பிட் வெற்றிடம் இருக்கும் பக்கமே ஓடும். எட்டு இன்னும் நீளும். ஆகவே கால் அங்குல எஃகுத் துண்டில் டிரில் பிரஸ் வைத்து எண் 21 துளை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அதுதான் வழிகாட்டி. ஸ்பாரையும் பட்டையையும் சேர்த்து, பக்கத்துத் துளைகளில் எல்லாம் கிளெக்கோ (தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிரிங் ஊசி) போட்டு இறுக்குங்கள். எட்டின் இரண்டு முனையும் வழிகாட்டித் துளைக்குள் சமமாகத் தெரியும்படி அந்தத் துண்டை வைத்து கிளாம்ப் போடுங்கள். அதே அளவு ரீமர் கிடைத்தால் அதை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். பிட்டைவிட அது வட்டமாக வெட்டும். பிறகு தகடுகளைப் பிரித்து இருபக்கமும் பிசிறு நீக்குங்கள், கையால் ஓரிரு சுற்று மட்டும். அதற்கு மேல் சுற்றினால் துளையின் வாய் சரிந்துவிடும். கறுப்பு கிளெக்கோ, அதாவது 5/32 அளவு, ஆட்டமில்லாமல் உட்கார்ந்தால் துளை சரி.

ரிவெட்டின் நீளம், தகடுகளின் மொத்தக் கனத்தோடு விட்டத்தின் ஒன்றரை மடங்கு. இங்கே கூடுதல் கால் அங்குலம் என்று கொள்ளலாம். அடித்து முடித்த தலை 0.234 அங்குல அகலமும் 0.078 உயரமும் வர வேண்டும். ரிவெட்டை நசுக்கும் கை ஸ்க்வீசரில் ஏடி5 லேசில் மடியாது. கழிவுத் தகட்டில் இரண்டு மூன்று அடித்துப் பார்த்துவிட்டு ஸ்பாருக்குப் போங்கள்.

ஏடி5 வாங்கும்போது ஒவ்வொரு தலையிலும் நடுவில் சின்னக் குழி இருக்கிறதா என்று பாருங்கள். குழியில்லாத மொட்டைத் தலை வெறும் மென் அலுமினியம். 'விமானத் தரம்' என்று பொட்டலம் கட்டி இணையத்தில் விற்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

0.159-க்குள் அடங்கவில்லையா? அதற்கு மேல் நீங்களாகப் பெரிதாக்காதீர்கள். படமும் அளவும் வைத்துத் தயாரிப்பாளரின் உதவிப் பிரிவைக் கேளுங்கள், இல்லையேல் அந்த ஒரு ஸ்பாரை மட்டும் புதிதாக வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று பாதி கட்டிய கிட்டைக் கைமாற்றும் தரகரிடம் போய்விடாதீர்கள். பிரைமர் அடித்து மூடிய பாகத்தில் எத்தனை எட்டு ஒளிந்திருக்கிறதென்று தெரியாது. அதோடு 2022-23 காலத்தில் வான்ஸ் அனுப்பிய சில கிட்டுகளில் துளைகள் லேசரால் வெட்டப்பட்டவை. டிம்பிள் போடும்போது, அதாவது ரிவெட் தலை அமர துளையின் விளிம்பைக் குழிக்கும்போது, அவற்றில் விரிசல் விழுந்தது. 2023 டிசம்பரில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பாகங்கள் இன்றும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

விமானத்தை வெளியே மூடும் தோல் தகட்டில் 3/32 அங்குல ஃப்ளஷ் ரிவெட் (தலை தகட்டோடு சமமாக அமர்வது) துளை இப்படிக் கெட்டால் என்ஏஎஸ்1097 ஏடி4 ரிவெட் போடுங்கள்: தண்டு 1/8, தலை ஏறக்குறைய பழைய அளவே. அங்கொன்று இங்கொன்று என்றால் சரி, வரிசையாக வேண்டாம்.

மேலே சொன்னது எதுவும் போல்ட் துளைக்குப் பொருந்தாது. முக்கியமாக, இறக்கையின் பின் ஸ்பாரை உடலோடு பூட்டும் துளை. 5/16 அங்குல போல்ட், ஆகவே மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் 5/8 அங்குலம் வேண்டும், ஸ்பார் முனையிலும் உடலில் இருக்கும் கவ்வியிலும். ஒன்றுக்குள் ஒன்று செருகிய பிறகு உள்ளே இருக்கும் ஓரம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் செருகுவதற்கு முன்பே இரண்டிலும் 5/8 கோட்டை மார்க்கரால் வரையுங்கள். இறக்கையின் கோணத்தைச் சரிபார்த்து கிளாம்ப் போட்ட பிறகு, துளை விழப்போகும் இடம் எல்லாக் கோடுகளுக்கும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். உரசுகிறதென்று முன்பு முனையில் அரம் போட்டிருந்தால், அரம் போட்ட ஓரத்திலிருந்து மறுபடி அளங்கள். கோட்டைத் தாண்டினால் டிரில்லைக் கீழே வையுங்கள். அங்கே 'அடுத்த அளவு' என்பது கிடையாது. போல்ட் பெரிதானால் ஓரம் இன்னும் குறையும். தயாரிப்பாளரின் பதில் எழுத்தில் வரும்வரை இறக்கை சுவரோரம் நிற்கட்டும்.

எஃப்ஏஏ விஷயம். ஒரு ரிவெட்டுக்காக யாரும் நிராகரிக்க மாட்டார்கள். உண்மையில், அந்த ரிவெட்டை யாரும் பார்க்கப்போவதே இல்லை. சான்றிதழ் தர வரும் ஆய்வாளர் முடிந்த விமானத்தையும் காகிதங்களையும்தான் பார்ப்பார். தோல் தகடு மூடிய பிறகு உள்ளே இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? பாதிக்கு மேல் நீங்களே கட்டினீர்களா என்று நிரூபிக்க அத்தனை படிவம் கேட்கும் ஏற்பாட்டில், ஸ்பார் துளையைப் பார்க்க ஒரு கட்டாயக் கட்டம் கிடையாது! மூடுவதற்கு முன்பே, வீட்டில் விமானம் கட்டுவோரின் சங்கமான ஈஏஏ-வின் டெக்னிக்கல் கவுன்சிலர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தன்னார்வலர்கள், காசு கேட்க மாட்டார்கள்.

உங்கள் உதவியாளர் 'எழுத வேண்டாம்' என்பது உங்களுக்காக அல்ல. கூலிக்குச் செய்து தந்த வேலையை 8130-12 படிவத்தில் நீங்கள் காட்டியாக வேண்டும். கையெழுத்து உங்களுடையது, அவருடையது அல்ல. பதிவேட்டில் தேதி, துளை இருக்கும் இடம், பழைய அளவு, புது ரிவெட் எண், முன்னும் பின்னும் எடுத்த ஒவ்வொரு படம். அவ்வளவு போதும்.