சிலுவைச் சங்கிலியைக் கழற்றிவிடலாமா?

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கழுத்தில் சிலுவை, மேசையில் வசன அட்டை, தினமும் காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வசனம். போன வாரம் உடன் வேலை செய்கிறவர் ஒருவர், "காலையில வசனம் போடுறீங்க, மத்தியானம் என்னைப் பத்தி மேனேஜருக்கு மெயில் போடுறீங்க" என்றார். அவர் செய்த ஒரு தவற்றை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேலே அனுப்பியிருந்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். மத்தேயு 5இல் உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்கிறார் இயேசு, 6இல் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொல்கிறார். எதைப் பின்பற்றுவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சிலுவை இருக்கட்டும். அட்டையும் இருக்கட்டும். ஸ்டேட்டஸை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் முடிக்க வேண்டியது அந்த ஊழியரின் காரியம்.

நாளைக்கே அவரைத் தனியாகப் பாருங்கள். செய்தி அனுப்பிச் சமாளிக்க வேண்டாம். செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "உங்களிடம் கேட்காமல் மேனேஜருக்கு எழுதினேன். அது தவறு. மன்னித்துவிடுங்கள்." அதோடு நிறுத்துங்கள். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று ஆரம்பித்தால் பழி அவர் மனத்தின் மேல் போய்விடும். "ஆனால்" என்று ஒரு சொல் சேர்த்தால் முன்னால் சொன்னது அழிந்துவிடும். வசனமும் வேண்டாம்; மன்னிக்கச் சொல்லி அவரை நெருக்குவதாக ஆகும். அவர் உடனே மன்னிக்காவிட்டால் அது அவர் உரிமை.

பிறகு மெயில். அது யார் யாருக்குப் போனதோ, அத்தனை பேருக்கும் அதே மெயிலின் தொடர்ச்சியாக இரண்டு வரி எழுதுங்கள்: அவரிடம் முதலில் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை, அது என் பிழை. நாலு பேருக்குத் தெரிய நடந்ததை ஒருவர் காதில் மட்டும் சரிசெய்ய முடியாது. தானாக அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்றது மோசேயின் நியாயப்பிரமாணம் (எண்ணாகமம் 5:7). வரி வசூலித்த சகேயுவோ, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக எல்லார் முன்னிலும் சொன்னான் (லூக்கா 19:8). அதற்காகக் கணக்கில் இருந்த பிழையை இல்லை என்று எழுத வேண்டாம். பிழை பிழைதான், உங்கள் தவறு அவரிடம் போகுமுன் மேலே போனதில். முதலில் தனித்து அவனிடம் போ என்பது மத்தேயு 18:15. பணம் கையாடப்பட்டிருந்தால் கதை வேறு. அதை உடனே மேலே சொல்வதுதான் உங்கள் கடமை.

இனி உங்கள் கேள்வி. இரண்டு அதிகாரங்களையும் நம் தமிழ் வேதாகமத்திலேயே மறுபடி வாசியுங்கள். 5:16இல் 'உங்கள் நற்கிரியைகள்', 'உங்கள் வெளிச்சம்' என்று பன்மை. 6ஆம் அதிகாரத்தில் மறைவாகச் செய்யச் சொல்லும் மூன்று இடத்திலும் 'நீயோ' என்று ஒருமை: தர்மம், ஜெபம், உபவாசம். இவை மூன்றும் பார்வையாளர் வந்தவுடன் கெட்டுப்போகிறவை. தர்மத்தை மறைப்பதில் வாங்குகிறவரின் மானமும் காக்கப்படுகிறது. நற்கிரியை என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது 'கலா எர்கா', நல்ல செயல்கள். 'கலோஸ்' என்பதற்கு அழகானது என்றும் பொருள் உண்டு. அழகாகச் செய்த வேலையை யாரும் தூக்கிக் காட்ட வேண்டியதில்லை. ஆகவே இரண்டையும் பின்பற்றுங்கள்: வேலை தெரியட்டும், பக்தி மறைவில் இருக்கட்டும்.

கணக்குப் பார்க்கிற உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுமார் கி.பி. 112இல் பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களை விசாரித்துப் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுவார்களாம். திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, வாக்குத் தவறுவதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுப்பதில்லை என்று ஆணையிட்டுக்கொள்வார்களாம். பாட்டு இருட்டில். ஒப்படைத்தது திரும்பி வந்தது ஊருக்கே தெரிந்திருக்கும்.

ஒப்படைத்ததைத் திருப்பித் தரும் அந்த நேர்மை உங்கள் மேசையில் எப்படி இருக்கும்? நிறுவனத்துக்கு வேலை செய்தவர்களின் பில்லைத் தேதிக்குள் முடிப்பது. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் பில்லும் யாரோ ஒருவரின் கூலிதான். "முடியாது" என்பதை முதல் நாளே சொல்வது. "பார்க்கிறேன்" என்று பத்து நாள் இழுப்பது உள்ளதை உள்ளதென்று சொல்வது ஆகாது. அலுவலக நேரத்தில் வேதம் வாசிக்காதீர்கள், அந்த நேரத்துக்குச் சம்பளம் வாங்குகிறோம். ஞாயிறு ஆராதனைக்குப் போக வேண்டுமானால் அட்டவணை போடுமுன்பே காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள், பதிலுக்கு வேறொரு நாள் வேலைக்கு நீங்களாகவே முன்வாருங்கள். தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு ஆராதனைக்குப் போவது எவ்வளவு கேடு!

சாப்பாட்டு ஜெபத்துக்குப் பத்து விநாடி போதும், உதடு அசையாமல்; கூட இருப்பவர்கள் கையை எடுத்துக் காத்திருக்க நேர்ந்தால் நீண்டுவிட்டது என்று அர்த்தம். யாரிடமாவது "ஜெபிக்கிறேன்" என்றால் பெயரையும் காரியத்தையும் அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள், ஒரு வாரத்துக்குள் எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். விசாரிக்காத ஜெப வாக்குறுதி வெறும் மரியாதைப் பேச்சாகத்தான் மற்றவர் காதில் விழும். விசுவாசத்தைப் பற்றி யாராவது கேட்டால் கேட்டதற்கு மட்டும் மூன்று நான்கு வாக்கியத்தில் பதில் சொல்லி நிறுத்துங்கள். சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லச் சொன்ன பேதுரு, கேட்கிற யாவருக்கும் என்றுதான் எழுதினார் (1 பேதுரு 3:15). உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் நீங்களாக ஆரம்பிக்கவே வேண்டாம், அவர்களால் எழுந்து போக முடியாது.

இப்போது ஸ்டேட்டஸ். சண்டை நடந்த மறுநாள் போடும் எந்த வசனமும் சம்பந்தப்பட்டவர் கண்ணுக்கு அம்பாகத்தான் தெரியும். "பழிவாங்குதல் என்னுடையது" என்று போட்டால் மிரட்டல், "நாவைக் காத்துக்கொள்" என்று போட்டால் குத்தல். நீங்கள் அந்த எண்ணத்தில் போடாவிட்டாலும் அப்படித்தான் வாசிப்பார்கள். ஆகவே அவரிடம் பேசி, மெயிலையும் திருத்தி, மேசையில் தேங்கியிருக்கும் பில்கள் தீரும்வரை விட்டுவையுங்கள். அதுவரை காலை வசனத்தை ஒரு தாளில் எழுதி உங்கள் இழுப்பறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி தொடங்கும்போது போடுமுன் ஒன்று பாருங்கள்: இதை வாசித்ததும் உங்கள் மனத்தில் வேறொருவர் முகம் வந்தால் அன்றைக்குப் போட வேண்டாம், உங்கள் முகமே வந்தால் போடுங்கள்.