வேலை தேடாதபோதும் வேலை அழைப்பு: கேள்வி பதில்

சென்னையில் ஒரு கன்சல்டன்சியில், அதாவது மற்ற நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் இடத்தில், ஆறு ஆண்டுகள் ரெக்ரூட்டராக இருந்தேன். இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குள்ளேயே ஆளெடுப்பைக் கவனிக்கிறேன். லிங்க்ட்இன் செய்திகளும் வேலை தேடும் தளமான நௌக்ரி வழியே வரும் அழைப்புகளும் தொல்லையாகிவிட்டன என்று பலர் கேட்டிருந்தீர்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, பத்து வருடமாக டேட்டா இன்ஜினியராக இருக்கிறேன். காலேஜ் முடித்த புதிதில் ஒரே ஒரு வருடம் மேனுவல் டெஸ்டிங் பார்த்தேன். இன்னமும் டெஸ்டிங் வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள். யாரும் புரொஃபைலைப் படிப்பதே இல்லையா? (கோவை)

பெரும்பாலும் படிப்பதில்லை. காலையில் ஒரு ரெக்வயர்மென்ட் வரும், சாயங்காலத்துக்குள் இத்தனை புரொஃபைல் அனுப்பியாக வேண்டும் என்று டார்கெட் இருக்கும். நௌக்ரியில் ரெக்ரூட்டர்கள் தேடும் தளத்துக்கு ரெஸ்டெக்ஸ் என்று பெயர். அதில் திறமை, அனுபவம், ஊர், நோட்டீஸ் பீரியட் என நாலைந்தைக் கொடுத்துத் தேடுவோம். வந்த பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே மெயில் போகும். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவருக்கு, பெயரில் மட்டும் ஒத்திருக்கும் ஜாவா வேலை வருவதும் இப்படித்தான்.

அதனால் அனுப்புகிறவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. தேடலில் நீங்கள் எந்தச் சொல்லுக்குச் சிக்குகிறீர்கள் என்று பாருங்கள். இனி செய்ய விரும்பாத எல்லாவற்றையும் ‘கீ ஸ்கில்ஸ்’ பகுதியிலிருந்து எடுத்துவிடுங்கள். லிங்க்ட்இன் ஸ்கில்ஸ் பகுதியிலும் அப்படியே. பழைய வேலையை மட்டும் நீக்க வேண்டாம், பின்னணிச் சரிபார்ப்பில் அது தேவைப்படும். நிறுவனத்தின் பெயர், பதவி, தேதி போதும். அதற்குக் கீழே இருக்கும் டூல் பெயர்களின் நீண்ட பட்டியல்தான் உங்களை மாட்டிவிடுகிறது.

நௌக்ரியில் ஒரு எழுத்துப்பிழையைத்தான் திருத்தினேன். மறுநாள் போன் ஓயவே இல்லை. ஏன்?

அண்மையில் புதுப்பித்தவர்கள், அண்மையில் உள்ளே வந்தவர்கள் என்று வடிகட்டித் தேட ரெக்ரூட்டருக்கு வசதி உண்டு. நீங்கள் கை வைத்தாலே ‘இவர் தேடுகிறார்’ என்று எடுத்துக்கொள்வோம். வேலை தேடாத காலத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள், திருத்தம் இருந்தால் தேடும்போது செய்துகொள்ளலாம்.

லிங்க்ட்இன்னில் ‘ஓப்பன் டு வொர்க்’ (வேலைக்குத் தயார் என்ற அறிவிப்பு) போட்டால் செய்தி கொட்டுகிறது, எடுத்தால் நல்ல வாய்ப்பும் போய்விடுமோ என்று பயம். நடுவழி உண்டா?

உண்டு. அதில் இரண்டு வகை. எல்லோருக்கும் தெரிவது ஒன்று, அதைத் தேர்ந்தெடுத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். மற்றது ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரிவது. இங்கே ரெக்ரூட்டர் என்றால் லிங்க்ட்இன்னின் கட்டண ரெக்ரூட்டர் சேவை வைத்திருப்பவர். சாதாரணக் கணக்கில் உட்கார்ந்து எல்லோருக்கும் செய்தி தட்டுகிறவருக்கு இது தெரியாது. இரண்டாவதைப் போட்டு, பதவியையும் ஊரையும் குறுக்கிக் கொடுங்கள். உங்கள் நிறுவன ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாமல் மறைக்க லிங்க்ட்இன் முயலும், ஆனால் முழு உறுதி தராது. அதையும் மனதில் வையுங்கள்.

இன்மெயில் வந்தால் ‘வேண்டாம்’ என்று பதில் போட வேண்டுமா, விட்டுவிடலாமா?

தொடர்பில் இல்லாதவருக்கு லிங்க்ட்இன்னில் அனுப்பும் செய்திதான் இன்மெயில். அதற்கு அனுப்புகிறவர் தன் கட்டணக் கணக்கில் உள்ள கிரெடிட்டைச் செலவழிக்கிறார். 90 நாளுக்குள் நீங்கள் பதில் சொன்னால், மறுத்தாலும் அந்தக் கிரெடிட் அவருக்குத் திரும்பிவிடும். படித்துப் பார்த்து உங்களுக்கென்றே எழுதியவருக்கு அந்த ஒரு வரி மரியாதை செய்யுங்கள், அப்படி எழுதுகிறவர்கள் குறைவு, அவர்களை இழக்கக் கூடாது. பெயரை மட்டும் மாற்றி அனுப்பியதை விட்டுவிடலாம். ஒன்றுமே வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் தரவுத் தனியுரிமைப் பகுதியில், உங்களை யார் தொடர்புகொள்ளலாம் என்ற இடத்தில் இன்மெயிலை நிறுத்தலாம். உங்கள் மின்னஞ்சல் தெரிந்தவர்கள் மட்டும் நட்பு அழைப்பு அனுப்பும்படியும் அங்கேயே மாற்றலாம்.

ஒரே வேலைக்கு ஐந்து கன்சல்டன்சியிலிருந்து கூப்பிடுகிறார்கள். எல்லோரிடமும் சரி சொன்னால் வாய்ப்பு கூடுமா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெரிய நிறுவனம் ஒரே இடத்தைப் பல கன்சல்டன்சிகளிடம் கொடுக்கும். உங்கள் ரெஸ்யூம் இரண்டு பேர் வழியாகப் போனால் ‘டூப்ளிகேட்’ என்று நிற்கும். யாருக்குக் கமிஷன் என்ற தகராறில் சிக்காமல் உங்களையே தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. நல்ல ஆட்கள் இதனாலேயே வாய்ப்பை இழந்ததை நான் கன்சல்டன்சியில் இருந்தபோதே பார்த்திருக்கிறேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

முதல் கேள்வியே ‘எந்த நிறுவனத்துக்கு?’ என்று இருக்கட்டும். சொல்லாதவருக்கு ரெஸ்யூம் கிடையாது. அப்புறம், ‘என்னிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் எங்கேயும் அனுப்ப வேண்டாம்’ என்று மெயில் போடுங்கள். இந்த ஒரு வரியிலேயே பாதிப் பேர் விலகிவிடுவார்கள்.

நௌக்ரி கணக்கையே அழித்துவிட்டேன். இன்னமும் போன் வருகிறதே?

உங்கள் ரெஸ்யூமை ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பார்கள். கன்சல்டன்சியின் எக்செல் தாளில் அது வருடக்கணக்கில் கிடக்கும், கணக்கை அழித்தாலும் அது அழியாது. கூப்பிட்டவரிடம் ‘உங்கள் டேட்டாபேஸிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள்’ என்று மெயிலிலேயே கேளுங்கள்.

இன்னொன்று. வேலை அறிவிப்புப் பதிவுக்குக் கீழே ‘இன்ட்ரஸ்டட்’ என்று போட்டு, போன் நம்பரையும் மெயிலையும் எழுதியிருக்கிறீர்களா? தேடி அழியுங்கள், அவற்றை அள்ளிக்கொண்டு போகவே ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை வேலை தேட ஒரு தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறியும் அந்தத் தளத்தின் பெயரும் சேர்த்துக் கொடுத்தால், கடிதம் அதே பெட்டிக்கு வரும், எங்கிருந்து கசிந்தது என்றும் தெரியும்.

தாய்லாந்தில் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ வேலை, இன்டர்வியூ பத்தே நிமிடம், டிக்கெட்டும் தருகிறோம் என்று தம்பிக்குச் செய்தி வந்திருக்கிறது. போகலாமா? (திருச்சி)

வேண்டாம். இன்றே அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். 2022 செப்டம்பரில் நம் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது இதே மாதிரி அழைப்பைத்தான். ஐ.டி. படித்தவர்களைத் தாய்லாந்து வேலை என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் அடைத்துவைத்து, இணைய மோசடி வேலையைச் செய்ய வைத்தார்கள். அங்கிருந்து மீண்டு வந்தவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள்.

சுற்றுலா விசாவில் வேலைக்குக் கூப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பெயரைப் போட்டுத் தேடலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பணம் ஏதாவது கொடுத்துவிட்டிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். அந்தச் செய்தியை அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, அந்தக் கணக்கை லிங்க்ட்இன்னில் ரிப்போர்ட் செய்துவிட்டு, அதற்குப் பிறகு பிளாக் செய்யச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நகல் அனுப்பிவிட்டானா என்பதையும் கேளுங்கள்.