கேளுங்க, சொல்றேன்: செவ்வாய்ல வளந்த பையன்

கே: அண்ணே, ஏலியன்கள் வளத்த மனுசப் பையன பத்தி ராபர்ட் ஹைன்லைன் எழுதுன ‘ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்’ நாவல் மோக்ளி கதையோட காப்பிதானே? என் ரூம்மேட் இல்லன்னு சண்டைக்கு வர்றான்.
— கல்லூரி மாணவர், பாயான் லெப்பாஸ்

ப: காப்பின்னு சொல்லாதீங்க தம்பி, சொந்தக்காரன்னு வேணா சொல்லுங்க. 1948ல அவரோட மனைவி வர்ஜீனியா குடுத்த ஐடியாதான் அது, கிப்ளிங் 1894ல எழுதுன ஜங்கிள் புக்ல ஓநாய் வளக்குற குழந்தைய செவ்வாய்க்காரங்க வளத்தா எப்படி இருக்கும்னு. மனுசன் உடனே எழுதி முடிக்கல, இழுத்து இழுத்து புக்கா வந்தது 1961லதான், அடுத்த வருசமே அறிவியல் புனைகதைக்கு குடுக்குற ஹியூகோ அவார்டும் வாங்கிடுச்சு.

ஆனா மோக்ளிகிட்ட பறிக்க ஒண்ணும் கெடையாது. இந்த நாவல்ல வர்ற மைக் அப்படி இல்ல, செவ்வாய்க்கு மொத மொதல்ல போன குழுவுல எல்லாரும் செத்துப்போயி மிச்சம் இருந்த ஒரே குழந்தை, அதனால அவங்க சொத்தெல்லாம் இவனுக்குதான் வரும், அதோட பழைய தீர்ப்பு ஒண்ண வச்சுப் பாத்தா செவ்வாய் கிரகமே இவன் பேருல இருக்குன்னு வாதாடலாம். பூமிக்கு கொண்டாந்ததும் கவர்மெண்ட் ஏன் அவன ஆஸ்பத்திரில பூட்டி வைக்குதுன்னு இப்ப புரியுதுல்ல? ஜில்னு ஒரு நர்ஸ் அவன வெளிய கடத்திட்டு வந்து, ஜூபல்னு ஒரு குசும்புக்கார கெழவர் வீட்ல சேக்குறா. லாயர், டாக்டர், எழுத்தாளர் மூணும் அவரேதான். என்னைக் கேட்டா கதையோட உசுரே இந்தப் பாதிதான். காசுன்னா என்ன, சொத்துன்னா என்ன, சாமின்னா என்னன்னு அந்தப் பையன் அப்பாவியா கேக்குறப்ப நமக்கே பதில் வராது. அப்புறம் அவனே ஒரு மதம் ஆரம்பிச்சிடுறான், கதை பிரசங்கமா மாறிடுது, நான் பக்கத்த தள்ளித் தள்ளிதான் முடிச்சேன்.

கே: குழந்தை நெசமாவே செவ்வாய்ல வளர முடியுமா? அப்படி வளந்தவன் இங்க வந்து இங்கிலீஷ் பேசுறதெல்லாம் ஓவர் இல்லையா?
— வாசகர், கிள்ளான்

ப: வெட்டவெளில ஒரு நிமிசம் கூட தாங்காது. அங்க காத்தழுத்தம் நம்ம பூமில இருக்குறதுல 1 சதவீதம் கூட இல்ல, இருக்குற காத்துலயும் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. மாரினர் 4ங்கற நாசா விண்கலம் செவ்வாய் பக்கத்துல போயி போட்டோ எடுத்ததே 1965லதான், நாவல் வந்து நாலு வருசம் கழிச்சு, அதனால அத வச்சு அவர திட்ட முடியாது. ஈர்ப்பு விசை விசயத்துல அவரு உசாரு. அங்க நம்ம ஈர்ப்புல 38 சதவீதம்தான், 60 கிலோ ஆளு தராசுல ஏறுனா 23 கிலோதான் காட்டும். அப்படி வளந்த ஒடம்பு இங்க வந்து நிக்கக்கூட முடியாதுன்னு, மைக்க தண்ணி நெரப்புன மெத்தைல படுக்க வச்சிருப்பாரு.

இங்கிலீஷ் மேட்டருக்கு வருவோம். 1800ல பிரான்ஸ்ல அவேரோன் பக்கம் காட்டுலேருந்து விக்டர்னு ஒரு பையன் கெடைச்சான், இத்தார்னு ஒரு டாக்டர் வருசக்கணக்கா சொல்லிக்குடுத்தும் அவனுக்கு பேச்சு வரவே இல்ல. அப்ப மைக்குக்கு மட்டும் எப்படின்னா, விக்டர் யார்கிட்டயும் பேசாம தனியா கெடந்தவன், மைக்கு அங்க பேசிப் பழகித்தான் வளந்தான், செவ்வாய்க்காரங்க பாஷைல. சின்ன வயசுல ஒரு மொழி உள்ள போயிட்டா அடுத்தத கத்துக்கலாம். அதனால அத நான் ஓவர்னு சொல்ல மாட்டேன். மனசாலயே பொருளக் காணாம ஆக்குறான் பாருங்க, அதுதான் ஓவர்!

இன்னொண்ணு, வறண்ட கிரகம்ங்கறதால அங்க ஒருத்தருக்கொருத்தர் தண்ணி பகிர்ந்து குடிச்சா அது உசுருக்கு உசுரான உறவு. ஜில் சும்மா ஒரு கிளாஸ் தண்ணி குடுக்க, அவன் கண்ணுக்கு அவ சொந்தமாயிடுவா. கிள்ளான்ல தண்ணி கட் ஆன அன்னிக்கு பக்கத்து வீட்ல ஒரு வாளி குடுத்தாங்கன்னா உங்களுக்கே இது புரியும்லா.

கே: என் மகன் படிவம் 2 படிக்கிறான், ஸ்பேஸ் கதைன்னு இத கேக்குறான். வாங்கித் தரலாமா?
— ஒரு தாய், செந்தூல்

ப: இப்ப வேணாம்க்கா. பின்பாதில செக்ஸ் பத்தின பேச்சு ரொம்ப, அதுவும் ஒரே ஜோடின்னு இல்லாம பல பேரு சேந்து வாழ்ற மாதிரி. பொம்பளைங்கள பத்தி சில வரிங்க இருக்கு, இன்னிக்கு படிச்சா நமக்கே கடுப்பாகும். அஞ்சாம் படிவத்துல எழுதுற எஸ்.பி.எம். பரீட்சை முடிச்சு படிக்கட்டும், நீங்களும் கூட படிச்சிட்டு அவன்கூட பேசுங்க.

கே: ரெண்டு சைஸ்ல இருக்காமே, எது வாங்க?
— வாசகி, பட்டர்வொர்த்

ப: ஆமா. 1961ல வந்தது வெட்டிச் சுருக்குனது, ஏறக்குறைய 1,60,000 வார்த்தை. ஹைன்லைன் 1988ல எறந்தப்புறம், வெட்டாத பிரதிய வர்ஜீனியா 1991ல வெளிய கொண்டாந்தாங்க, அது 2,20,000 கிட்ட. நான் சின்னதுதான் பெஸ்ட்டுன்னு சொல்லுவேன், பெருசுல பிரசங்கமும் சேந்து பெருசாயிடுச்சு. பினாங்கு சவ்ராஸ்தா மார்க்கெட் மாடில இருக்குற பழைய புக் கடைங்கள்ல மொதல்ல தேடிப் பாருங்க, இல்லன்னா கோலாலம்பூர் வர்றப்ப கே.எல்.சி.சி.ல இருக்குற கினோகுனியா புக் கடை. வாங்குறதுக்கு முன்னாடி பின் அட்டைய திருப்பிப் பாருங்க, ‘முழுப் பிரதி’ன்னு இங்கிலீஷ்ல போட்டிருந்தா அது பெருசு.