கூரை மேல் வேலை செய்பவர்கள் சேஃப்டி பெல்ட் போட்டிருந்தால் போதாதா?

போதாது. ஷீட் கூரை வேலையில் சில வருடங்கள் இருந்தவன் நான். பெல்ட் நம்மை விழாமல் தடுக்காது, விழுந்த பிறகு பிடித்து நிறுத்தும், அதுவும் எல்லாம் சரியாக மாட்டியிருந்தால்தான்.

முதலில், நீங்கள் கேட்பது இடுப்பில் கட்டும் பெல்ட் என்றால் அதை மறந்துவிடுங்கள். விழும் வேகத்தில் மொத்த இழுப்பும் வயிற்றிலும் முதுகிலும் வந்து இறங்கும். அமெரிக்காவில் கட்டட வேலையில் விழுபவரை நிறுத்த இடுப்பு பெல்ட் கூடாது என்று 1998 முதல் விதியே இருக்கிறது. தோள், தொடை எல்லாம் சுற்றி வரும் முழு ஹார்னஸ்தான் வேண்டும்.

சரி, ஹார்னஸ் போட்டாச்சு. இப்போது ஒரு கணக்கு. கயிறு 1.8 மீட்டர், அதை நிற்கும் கூரையிலேயே மாட்டியிருக்கிறீர்கள். விழுந்தால் கயிற்றோடு மடித்துத் தைத்திருக்கும் அதிர்ச்சி தாங்கும் பட்டை பிரிந்து இன்னும் ஒரு மீட்டர் நீளும், ஹார்னஸில் கயிறு மாட்டும் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர், அப்புறம் தரைக்கு மேலே ஒரு மீட்டராவது இடம் மிச்சம் இருக்க வேண்டும். கூட்டினால் 5 மீட்டரைத் தாண்டுகிறது. உங்கள் கூரையின் உயரமே 4 மீட்டர்தான் என்றால் கயிறு பிடித்து முடிப்பதற்குள் கால் தரையில் மோதிவிடும், பெல்ட் போட்டும் பிரயோஜனம் இல்லை. தாழ்வான கூரைக்கு, ஓரத்தை எட்டவே முடியாதபடி கயிற்றைக் குட்டையாக வைப்பதுதான் நல்லது. அடிக்கடி இடம் மாற்றி மாட்ட வேண்டியிருக்கும், எரிச்சல்தான், செய்துதான் ஆக வேண்டும். முடிந்த இடத்தில் ஓரம் முழுக்க இடுப்புக்கு மேல் வரும் தடுப்புக் கம்பி போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை, யாரும் எதையும் மாட்ட மறக்கவும் முடியாது.

ஆனால் எல்லாரும் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் மாட்டிக்கொண்டது கூரையின் நடுவில். வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட், தூசி படிந்து பக்கத்து ஷீட் மாதிரியே இருந்தது, கால் வைத்ததும் தொடை வரை உள்ளே போய்விட்டது, நல்லவேளை மற்ற கால் கீழே ஷீட்டைத் தாங்கும் கம்பி இருந்த இடத்தில் நின்றது. ஷீட்டை அந்தக் கம்பியோடு முடுக்கியிருக்கும் போல்ட் வரிசை மேலேயே நடந்தால் ஒன்றும் ஆகாது என்று மேஸ்திரிகள் சொல்வார்கள், பழைய ஆஸ்பெஸ்டாஸில் அதை நம்பாதீர்கள், ஒரு தடவை தடுமாறினால் போச்சு. பல கம்பிகளின் மேல் படுகிற மாதிரி நீளமான நடைபலகை போட்டு, இறுக்கிக் கட்டி, அதன் மேல் நடக்க வேண்டும். லைட் ஷீட் இருக்கும் இடங்களை ஏறியதும் கண்டுபிடித்து, நகராத மூடி போட்டு மூடுங்கள். மேலே சும்மா ஒரு அட்டையை வைப்பது இன்னும் ஆபத்து, கெட்டியான தரை என்று நினைத்து ஆள் மிதிப்பான்.

ஏணியைப் பற்றி ஒன்றே ஒன்று: கூரை ஓரத்துக்கு மேல் ஒரு மீட்டராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், மேல்முனையைக் கட்டியிருக்க வேண்டும். ஏறும்போதைவிட, இறங்குவதற்காகக் கூரையிலிருந்து ஏணிக்குத் திரும்பும் அந்த நேரத்தில்தான் கைக்குப் பிடி தேவைப்படும்.