இயந்திரத்தை உடைத்தவர்கள் அறியாமையிலா உடைத்தார்கள்?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் தொழிற்புரட்சி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீராவி இயந்திரம் வந்தது, விசைத்தறி வந்தது, கைத்தறிக்காரர்கள் அழிந்தார்கள் என்றுதான் பள்ளியில் படித்தோம். இயந்திரங்களை அவர்கள் உடைத்தது வெறும் அறியாமைதானே?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

பாடப்புத்தகம் வரிசையைக் குழப்பிவிட்டது. முதலில் வந்தது எறிநாடா. லங்காஷயர்க்காரரான ஜான் கே 1733இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை நெசவாளர் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஒரு கையால் எறிந்து மறுகையால் பிடிக்க வேண்டும். அகலத் துணி என்றால் தறிக்கு இரண்டு ஆள். கே நாடாவுக்கு அடியில் சிறு சக்கரங்களையும் தறியின் இருபுறமும் பெட்டிகளையும் வைத்தார். கயிற்றைச் சுண்டினால் நாடா பெட்டிக்குப் பெட்டி ஓடும், ஒரே ஆள் போதும்.

தறி வேகம் பிடித்ததும் நூல் போதவில்லை. ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல பெண்கள் வீட்டில் ராட்டை சுற்ற வேண்டியிருந்தது. அந்தத் தட்டுப்பாட்டில் பிறந்ததுதான் 1760களில் ஹார்கிரீவ்ஸ் செய்த ஜென்னி என்ற நூற்பு இயந்திரம். நூலை முறுக்கும் தண்டான கதிர்கள் பலவற்றில் ஒருவரே நூற்கலாம், ஆனால் அந்த நூல் துணியின் குறுக்கே ஓடும் ஊடைக்குத்தான் ஆகும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவுக்குத் தாங்கும் பருத்தி நூலைத் தந்தது 1769இல் ஆர்க்ரைட் காப்புரிமை பெற்ற இயந்திரம்: அடுத்தடுத்த உருளை ஜோடிகள் ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுழன்று பஞ்சை இழுக்க, கதிர் அதை முறுக்கும். 1771இல் கிராம்ஃபோர்டில் அவர் தொடங்கிய ஆலை ஓடியது தண்ணீர் விசையில், நீராவி பிறகுதான்.

நூல் பெருகியதும் கைத்தறிக்காரர்கள் முதலில் செழித்தார்கள். கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றது 1785இல் என்றாலும், அது ஒழுங்காக ஓடிப் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்குள் ஆளாளுக்குத் தறி போட்டதில் கூலி சரியத் தொடங்கியிருந்தது. விசைத்தறி வந்து மிச்சத்தையும் முடித்தது.

ஆனால் பருத்தித் தொழிலில் முதல் அடி வாங்கியவர்கள் ராட்டை சுற்றிய பெண்கள். விதவைகளுக்கும் சிறுமிகளுக்கும் கையில் காசு தந்த வேலை அது. ஆலை நூல் வந்த வேகத்தில் அந்த வருமானம் போயிற்று. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது அதுதான். நெசவாளர்களைப் பற்றி எழுதியதில் கால்வாசிகூட அவர்களைப் பற்றி நாம் எழுதவில்லை.

இனி உடைத்தவர்கள். 1779இல் லங்காஷயரில் எழுந்த கூட்டம் சோர்லிக்கு அருகில் ஆர்க்ரைட்டின் ஆலையை நாசம் செய்தது. பெரிய ஜென்னிகளையும் உடைத்தது. வீட்டில் வைத்து ஓட்டக்கூடிய சின்ன ஜென்னிகளை மட்டும் தொடாமல் விட்டது! எது குடும்பத்துக்குச் சோறு போடும், எது வேலையை ஆலைக்குக் கொண்டுபோகும் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இதை அறியாமை என்று என்னால் சொல்ல முடியாது.

அன்புடன்.