அமெரிக்கப் பள்ளிகளில் இனவாரியான கற்றல் இடைவெளியைக் குறைக்க முடியுமா?

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளும் ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகளும் பின்தங்குவதைச் சரிசெய்ய எடுத்த முயற்சிகளில் ஏதாவது உருப்படியாகப் பலித்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலித்திருக்கிறது. ஃப்ளோரிடா மாநிலத்தில் ப்ரோவர்ட் கவுண்டியை (மாவட்டம் மாதிரி) எடுத்துக்கொள்வோம். அங்கே மீத்திறன் வகுப்பில், அதாவது அதிகத் திறமையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் சேர, முன்பெல்லாம் முதலில் ஆசிரியரோ பெற்றோரோ பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது, அப்புறம்தான் ஐ.க்யூ. (அறிவுத்திறன்) சோதனை. வீட்டில் ஸ்பானிஷ் பேசிவிட்டு வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் சிறுமியின் பெயரை யார் சொல்வார்கள்? வசதியுள்ள பெற்றோர் காசு கொடுத்துத் தனியார் உளவியலாளரிடமே சோதனையை முடித்துவிட முடிந்தது.

2005-இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் சொற்களே இல்லாத ஒரு தேர்வு வைத்தார்கள். வடிவங்களின் வரிசையில் விடுபட்ட துண்டு எது என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் தேறியவர்களுக்கு முழுச் சோதனை. தகுதி மதிப்பெண்ணைத் தளர்த்தவே இல்லை. ஆனாலும் தேர்வாகும் விகிதம் கறுப்பினப் பிள்ளைகளிடம் சுமார் 80 சதவீதமும் ஹிஸ்பானிக் பிள்ளைகளிடம் சுமார் 130 சதவீதமும் உயர்ந்தது.

மீத்திறன் வகுப்பில் மிஞ்சிய இடங்களை அதே பள்ளியில் நன்றாக மதிப்பெண் எடுத்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அப்படிச் சேர்ந்த கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளின் வாசிப்பும் கணக்கும் நன்றாகவே முன்னேறின. வழக்கமான வகுப்பில் இருந்தவர்களுக்கும் பாதிப்பில்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், பொருளாதார மந்தம் வந்ததும் பணமில்லை என்று திட்டத்தைச் சுருக்கினார்கள். பழைய இடைவெளி திரும்ப வந்துவிட்டது.

சரி, இது முன்வரிசைப் பிள்ளைகளுக்கு. தொடக்க வகுப்புகளுக்கு டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய பரிசோதனையைப் பார்க்கலாம்: வகுப்புக்கு 13 முதல் 17 பேர் மட்டும். அதிலும் கறுப்பினப் பிள்ளைகளுக்கே கூடுதல் பலன் கிடைத்தது.