குளத்துச் சேற்றில் எண்ணெய் மினுமினுப்பு: லேபுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: எங்களுக்குக் காங்கேயம் பக்கம். தோட்டத்துக்கு வண்டல் எடுக்கத் தோண்டியபோது நாலடிக்குக் கீழே கருஞ்சேறு வந்தது. அழுகிய முட்டை நாற்றம். குழித் தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம். "ராஜஸ்தானில் ஏரிச் சேற்றிலிருந்துதான் பெட்ரோல் வருகிறது, லேபுக்கு அனுப்பலாம்" என்று ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீங்க. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் சங்கடமே.

முதலில் ஒரு குச்சியால் அந்தப் படலத்தைக் கலைத்துப் பாருங்கள். நொறுங்கிய அப்பளம் போலச் சில்லுசில்லாகப் பிரிந்து அப்படியே நின்றால், அது இரும்புச்சத்தில் வாழும் பாக்டீரியாவின் வேலை. சுழன்று மறுபடி கூடிக்கொண்டால்தான் எண்ணெய். அப்போதும் ஜேசிபி எங்கேயாவது ஒழுகியதா என்று விசாரியுங்கள். சேற்றில் ஒரு கை அள்ளி வரப்பில் காயப்போடுங்கள். கருப்பு வெளிறிப் பழுப்பேறினால் அது இரும்பு சல்பைடு; காற்றுப் பட்டால் துருவாகிவிடும். முட்டை நாற்றத்துக்கும் கந்தகம்தான் காரணம்.

இனி அந்தப் பாதி உண்மை. ராஜஸ்தானின் பார்மரில் 2004-இல் கண்டுபிடித்த மங்களா எண்ணெய் வயலில் கிடைக்கும் எண்ணெய், சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரியடியில் படிந்த பாசியிலிருந்து வந்தது. சீனாவின் டாச்சிங் வயலும் (1959) ஏரி கொடுத்ததே. ஏரிப் பாசியில் கொழுப்பு அதிகம், அதனால் எண்ணெயில் மெழுகு அதிகம். நன்னீரில் சல்பேட் குறைவு, அதனால் கந்தகம் குறைவு. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி பார்மர் எண்ணெய் சாதாரண வெயிலிலேயே கெட்டியாகிவிடும். குழாயைச் சூடாக்கித்தான் குஜராத் கடற்கரைக்கு அனுப்புகிறார்கள்.

ஆனால் சேறு எண்ணெயாவதற்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்து, நூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் லட்சக்கணக்கான ஆண்டுகள் வேக வேண்டும். உங்கள் குளத்துக்கடியில் என்ன இருக்கிறது என்று போர் வண்டிக்காரரைக் கேளுங்கள். கொஞ்சம் மண், அப்புறம் கல்தான். சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய நைஸும் சார்னோக்கைட்டும். 700 டிகிரிக்கு மேல் வெந்து எழுந்த கல். அதில் எந்தக் காலத்திலாவது பாசி சிக்கியிருந்தாலும் இன்று கிராஃபைட்டாகத்தான் மிஞ்சியிருக்கும். காவிரிப் படுகையில் எண்ணெய் இருப்பது அங்கே படிவுப் பாறை கிலோமீட்டர் கணக்கில் குவிந்திருப்பதால்.

லேபில் என்ன செய்வார்கள்? சிட்டிகை மண்ணைத் தூளாக்கி 300-லிருந்து 650 டிகிரி வரை படிப்படியாகச் சூடாக்கி, எவ்வளவு ஹைட்ரோகார்பன் வெளியேறுகிறது, எந்த வெப்பத்தில் உச்சம் என்று அளப்பார்கள். உங்கள் சேறும் நல்ல அளவைத்தான் காட்டும். சாணியைக் கொடுத்தாலும் காட்டும்! கரிமத்தின் அளவை மட்டும் வட்டம் போட்டு உங்களிடம் நீட்டுவார் அந்த ஆள். நீங்கள் பார்க்க வேண்டியது 'டி-மேக்ஸ்' என்ற உச்ச வெப்பநிலை. 435-க்குக் கீழே இருந்தால் இன்னும் வேகாத சரக்கு. போதாததற்கு, அரசு உரிமம் இல்லாமல் தன் நிலத்திலேயே ஆனாலும் யாரும் எண்ணெய் எடுக்க முடியாது.

அந்தச் சேறு தோட்டத்துக்கு அருமையான சரக்கு. குளத்தில் எடுத்ததென்றால் வட்டாட்சியர் அனுமதி கையில் இருக்கட்டும். நாற்றம் போகும்வரை ஆறப்போட்டு இறையுங்கள். சாயத்தண்ணீர் வந்து சேரும் குளமாக இருந்தால் மட்டும், மண் பரிசோதனை நிலையத்தில் உப்பளவு பார்த்துவிட்டு.